முப்பத்தாறுக்குப் பெறவு

முப்பத்தாறுக்குப் பெறவு முப்பத்தேழு வரக்கூடாது. ஒரு பிலிம் ரோல்ல முப்பத்தாறு படந்தான். அது முடிஞ்சா லிவர்ல பெருவிரலை வச்சு எவ்வளவு தள்ளினாலும் நகராது, அடம்பிடிச்ச மாடு கணக்கா நிக்கும், அப்பிடி நின்னாத்தான் உள்ள பிலிம் ஒழுங்கா ஓடியிருக்குன்னு அர்த்தம். ரெஜின் தள்ளினான். எண்ணெய் விட்ட கதவு மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு. காமிரா மேல பொட்டளவு இருக்க கண்ணாடியில முப்பத்தேழுன்னு வந்து நின்னுது. "பாத்தியா பிள்ளே, ஒண்ணு சும்மா கெடச்சிருக்கு"ன்னு திரும்பிச் சிரிச்சான். பின்னால வந்த விஜிலா அந்தச் சிரிப்பைப் பாத்தா. "ஓ"ன்னா. அவ்வளவுதான் வாயில வந்துது. திருநெல்வேலியில சட்டம் படிக்கிறவ, கிளாஸ்ல வாத்தியார் ஒரு வரி சொன்னா எந்திரிச்சு நாலு வரி சொல்றவ, வீட்டுல அம்ம உப்பு கூடிப்போச்சுன்னு தானே ஒத்துக்கிட்டாலும் இல்ல புளிதான் கூடுதல்னு கட்சி கட்டுறவ, "ஓ"ன்னு ஒத்தை எழுத்தைச் சொல்லிட்டு இலையை மிதிச்சுக்கிட்டு பின்னால நடந்தா. நாளைக் கழிச்சு திங்கக்கிழமை காலைல திருவனந்தபுரத்துல இவனுக்கு விமானம். காமிராவை சித்தப்பாகிட்ட திருப்பிக் கொடுத்திட்டு, உள்ள இருக்க ரோலை மட்டும் பெட்டியில சட்டைக்கு நடுவுல சுருட்டி வச்சுக் கொண்டுபோவான். ஜெர்மனியில போய் இறங்கி, ஒரு மாசம் கழிச்சு, மனசு ரொம்ப வலிக்கிற ஒரு நாள் பாத்து, அங்கன ஒரு ஸ்டுடியோவுல கொடுத்துக் கழுவி வாங்கி, தன் ரூம்ல ஒத்தைக்கு உக்காந்து பாப்பான். அதுவரைக்கும் பாக்கமாட்டானாம். இதை நாலு வாரமா சொல்லிக்கிட்டே இருக்கான், பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் பத்திப் பேசுற பிள்ளை மாதிரி. கழுவினா என்ன வரும்னு விஜிலாவுக்குத் தெரியும். ஒண்ணும் வராது.

இது ரப்பர் இலை விழுற மாசம். தை பொறந்தா குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை வரைக்கும் சரிவு முழுக்க மரம் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, பெறவு ஒரு காத்துக்கு மொத்தமா கொட்டிரும். பால் வெட்டு நிறுத்திருவாங்க. பால் பிடிக்கிற சிரட்டையெல்லாம் மரத்துலயே கவுந்து கெடக்கும். வருஷம் முழுக்க விடியுமுன்னே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு எஸ்டேட்டுல முன்னூறு மரத்துல பால் வெட்டுற ரெஜினுக்க அப்பா இந்த ஒரு மாசந்தான் வெயில் ஏறுற வரைக்கும் கெடந்து உறங்குவாரு. ஏழாங்கிளாஸ்ல ஒரு டீச்சர், இலையுதிர் காலம்லாம் வெளிநாட்டுலதான் உண்டு, நமக்குக் கெடையாதுன்னு சொன்னப்ப, ஜன்னல் வழியா கையை நீட்டி, "அப்ப அது என்ன டீச்சர்?"னு கேட்டு, அந்த பீரியட் முழுக்க வெளிய நின்னவ விஜிலா. வெளிய நின்னது நல்லதாப் போச்சு, விழுறதைப் பக்கத்துல பாத்தா. பதிமூணு வருஷம் கழிச்சு அதே சங்கதியை இவன் வந்து சொன்னான். நர்சிங் முடிச்சிட்டு நாகர்கோவில்ல ஜெர்மன் கிளாஸ் போயிட்டிருந்தான், அங்க ஹெர்ப்ஸ்ட்னு ஒரு வார்த்தை படிச்சுக் கொடுத்தாங்களாம், வாய்க்குள்ள கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு வார்த்தை, இலையுதிர் காலம்னு அர்த்தமாம், மஞ்ச இலைப் படம் ஒண்ணும் காட்டினாங்களாம். இவன் எந்திரிச்சு எங்க ஊர்ல தை மாசம் ஹெர்ப்ஸ்ட் வரும்னு சொன்னானாம். கிளாஸே சிரிச்சிருக்கு. "நீ என்ன சொன்ன?"னு கேட்டா விஜிலா. "நான் என்ன சொல்ல, நானும் சிரிச்சேன்"னான். அதுக்கு அவனை அன்னிக்கு ஒரு மணிக்கூர் வறுத்தெடுத்தா. சிரிக்கிறதாக்கும்! கையோட ஒரு படம் எடுத்துக் கொண்டுபோய் அவங்க மூஞ்சிக்கு நேரா காமிச்சிருக்க வேண்டாமா? "உள்ளதுதான்"னான். எதுக்கெடுத்தாலும் இந்த ஒரு சொல்லு. உள்ளதுதான். சண்டைக்கு வான்னு கூப்பிட்டா நாற்காலி போட்டு உக்கார வைக்கிறவன். ஆனா மறுவாரம் எங்கயோ கெடந்த சித்தப்பாவுக்க பழைய காமிராவைத் துடைச்சு எடுத்துக்கிட்டு வந்து நின்னான். சித்தப்பா ஒரு காலத்துல கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனவரு. இலை விழுற நாலு சனிக்கிழமை, ஒரு சனிக்கிழமைக்கு ஒம்பது படம், பைய நடந்து, பைய பாத்து, நல்லா இருந்தா மட்டும் எடுக்கணும்னு ரெண்டுபேரும் சேந்து முடிவு பண்ணினாங்க. போன் படம் கூடாதுன்னது விஜிலா. அதுக்கும் வாதம் பண்ணினா. ஆயிரம் படம் எடுத்து ஒண்ணையும் திரும்பிப் பாக்காத சவத்துக்கு எதுக்குப் படம், போனை எடுத்தா நான் வீட்டுக்குப் போயிருவேன்னா. "உள்ளதுதான்"னு போனை அணைச்சு பேன்டுல போட்டான். இப்ப நெனச்சா நாக்கைப் பிடுங்கிப் போடலாம்னு வருது. ஒரு படம், மங்கலா ஒரே ஒரு போன் படம் இருந்தாக்கூட இந்த நாலு வாரத்துல எதாவது மிஞ்சியிருக்கும்.

முதல் சனிக்கிழமை ரோட்டோரக் கலுங்குச் சுவர் மேல உக்காந்துதான் பிலிம் போட்டது. ரெஜின் அதை சித்தப்பாகிட்டயே கொடுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கலாம், கொண்டுவரல, ஒண்ணாப் போடலாம்னு நெனச்சிருக்கான் பாவம். "சித்தப்பா எப்பிடிப் போடணும்னு சொன்னாரு, பிலிமுக்க நாக்கை இந்த வலப்பக்கத்து உருளையில இருக்க ஓட்டைக்குள்ள சொருகி, ஒரு சுத்து சுத்தி, பிடிச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் மூடணும்"னு அவன் பைய சொல்லிக்கிட்டே வந்தான். அவன் அந்த 'பாத்துட்டுத்தான்'னைச் சொன்ன விதம் இவளுக்குப் பிடிக்கல. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி இருந்துது. "ஏன், நான் போட்டா பிடிக்காதா? பொம்பளை கை பட்டா பிலிம் ஓடாதோ?" அவன் அதைச் சொல்லவே இல்ல. சொல்லாததுக்கு எதிரா பத்து நிமிஷம் பேசினா. காமிராவைப் பிடுங்கி மடியில வச்சு, நாக்கைச் சொருகி, சுத்திப் பாக்காம, பாத்துட்டா அவன் சொன்னதைக் கேட்ட மாதிரி ஆயிரும்லா, படக்குன்னு மூடினா. மூடின சத்தம் அவ்வளவு நல்லா இருந்துது. ஜெயிச்ச சத்தம். முதல் படம் கவுந்த சிரட்டை. ரெண்டாவது அவ செருப்பு, இலைக்குள்ள பாதி பொதைஞ்சது. மூணாவது மழைக்காலத்துக்குக் கட்டின பிளாஸ்டிக் பாவாடை இன்னும் அவுக்காத ஒரு மரம், எல்லா மரமும் உதுத்துட்டு நிக்க அது மட்டும் பாவாடை கட்டிக்கிட்டு நிக்குதுன்னு அவன் சிரிச்ச சிரிப்பு. எல்லாம் ஓர்ம இருக்கு. ஒவ்வொண்ணா சொல்லச் சொன்னா சொல்லுவா, முப்பத்தேழையும். ரெண்டாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஹாஸ்டல்ல சும்மா ஒரு வீடியோ பாத்தா, பழைய காமிரா எப்பிடி ஓட்டுறதுன்னு, அவன்கிட்ட நாலு சங்கதி கூடச் சொல்லி மடக்கலாம்னுதான். அதுல ஒருத்தன் சொன்னான், லிவரைத் தள்ளும்போது இடப்பக்கத்துல இருக்க குமிழைப் பாருங்க, அது திரும்பணும், திரும்பலைன்னா பிலிம் பிடிக்கலன்னு அர்த்தம்னு. மறுநாள் தோட்டத்துல ரெஜின் லிவரைத் தள்ளத் தள்ள இவ குமிழையே பாத்தா. குமிழ் அசையல. வெயில் அது மேல பட்டு ஒரு பொட்டா மினுங்கிக்கிட்டு அப்பிடியே இருந்துது. அப்ப சொல்லியிருக்கணும். எண்ணி ஒம்பது படந்தான் போயிருந்துது, திறந்து மறுபடி போட்டா மூணு சனிக்கிழமை மிச்சம். லே, நான் போட்டது தப்பு. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. நாலே சொல்லு. தொண்டை வரைக்கும் வந்துது, ஆனா அவன் திரும்பி, "நீ போட்ட பிலிம் என்னமா ஓடுது பாரு"ன்னுட்டான். சவத்தெழவு. அது போதும். வந்த சொல்லு திரும்ப உள்ள போயிட்டு. ஒருவேளை அந்த வீடியோக்காரனுக்குத் தெரியாதா இருக்கும், ஒருவேளை இந்தக் காமிராவுல குமிழ் திரும்பாதா இருக்கும், ஒருவேளை முப்பத்தாறுல போய் நிக்கும், நின்னா சரிதானே. முப்பத்தாறுல நிக்கட்டும்னு ரெண்டு வாரம் காத்திருந்தா, பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட அப்பிடிக் காத்திருந்தவ இல்ல.

"முப்பத்தெட்டு"ன்னான் ரெஜின் முன்னால இருந்து. "இந்த சித்தப்பாவுக்க காமிரா கொள்ளாம் கேட்டியா, வஞ்சனை இல்லாம தருது." இலை மேல நடக்குற சத்தத்துல பாதிதான் கேட்டுது. இந்த மாசம் தோட்டத்துல ரெண்டுபேர் நடந்தா ரோட்டுல போறவனுக்குக் கேக்கும், கள்ளத்தனமா காதலிக்க லாயக்கில்லாத மாசம், அதைச் சொல்லி முதல் வாரம் ரெண்டுபேரும் சிரிச்சாங்க, இப்ப அந்தச் சத்தம் எதையோ நொறுக்கி நொறுக்கிக் கொண்டுபோற மாதிரி இருக்கு. அவன் முதுகைப் பாத்தா. வேர்வை பட்டு சட்டை ஒட்டியிருக்க இடம், பிடரியில முடிவெட்டினவன் கொஞ்சம் கோணலா விட்ட இடம். திங்கக்கிழமைக்காக வெட்டியிருக்கான். அவன் பக்கத்துல வந்தா ஷீட் ரப்பர் மணக்கும். வீட்டுக்குப் பின்னால புகைப்புரையில ஷீட் காயப்போடுற வீட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் அந்த நாத்தம் உண்டு, சோப்புக்குப் போகாது. முதல்ல மூக்கைப் பொத்தியிருக்கா, பச்சையா அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லியும் இருக்கா. பெறவு ஒருநாள் திருநெல்வேலியில டயர் கடை ஒண்ணு வாசல்ல நின்னு மூச்சை இழுத்தவ உலகத்துலயே இவ ஒருத்தியாத்தான் இருப்பா. கடைக்காரன் என்ன வேணும்னு கேட்டான். என்ன சொல்ல? அங்க போய் ஆறு மாசத்துல அந்த நாத்தம் போயிரும். அங்க உள்ள குளிருக்கும் சோப்புக்கும் போயிரும். அங்கயும் இலை விழும், புரட்டாசி ஐப்பசியில, காடு காடா விழும், சிவப்பு மஞ்சள்னு அவன் கிளாஸ்ல பாத்த படம் மாதிரியே விழும், இவன் வேலை முடிஞ்சு கோட்டைப் போட்டுக்கிட்டு பைய நடப்பான், பக்கத்துல ஒருத்தி நடப்பா, அவ சண்டை போடமாட்டா, இவனும் அவகிட்ட எல்லாத்துக்கும் உள்ளதுதான்னு சொல்லமாட்டான், சொல்லவேண்டிய தேவை இருக்காது. அப்ப இந்த ரப்பர் தோட்டம் எதுக்கு? இருபது நாள்ல கொட்டி முடியுற ஒரு சின்ன இலையுதிர் காலம், வெளிய சொன்னா சிரிக்கிறாங்க. அதுக்குத்தானே அந்த ரோல். அது அவன் கையில இருந்தா, நாலுபேருக்கு முன்னால எடுத்துப் போட்டு, இது எங்க ஊருன்னு சொல்லுவான்லா. அதை இல்லாம ஆக்கினது யாரு? அவனைப் போகச்சொன்னதே யாரு? ரெஜினுக்க அம்ம ஒத்தைக்கால்ல நின்னாங்க, ஒரே பிள்ளை, மக்கா நீ போகண்டாம்னு அழுதாங்க. விஜிலாதான் அந்த அடுக்களையில பலகையைப் போட்டு உக்காந்து அரைமணிக்கூர் பேசினா. இங்க இருந்தா உங்க பிள்ளை என்னவாவான் மாமி, வீட்டுக்காரரு மாதிரி நெத்தியில லைட்டா? கடைசியில அம்ம முந்தியில கண்ணைத் துடைச்சிட்டு சரின்னுட்டாங்க. அந்த வாதமும் ஜெயிச்சாச்சு. கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தா. ஜெயிச்ச சாயா என்ன ருசியா இருந்துதுன்னு கேட்டா இப்ப ஓர்ம இல்ல, நாக்கு வெந்தது மட்டும் ஓர்ம இருக்கு.

முப்பத்தொம்பதாவதுக்கு இவளைத்தான் கூப்பிட்டான். சரிவுக்க மேல, இலை முழுக்கக் கொட்டின இடத்துல, மத்த மாசமெல்லாம் தெரியாத மலை கம்புகளுக்கு ஊடால நீலமாத் தெரிஞ்சுது. "அந்த மரத்துல சாஞ்சு நில்லு, சிரிக்கண்டாம், எப்பளும் மாதிரி யார்கிட்டயோ சண்டைக்குப் போற மாதிரியே நில்லு." நின்னா. அவன் ஒரு கண்ணை மூடிக்கிட்டு குனிஞ்சான். டிக்குன்னு சத்தம். "இதுதான் முதல்ல பாப்பேன் அங்க போய்"னான். இனி போதும், ரோலைச் சுத்தி எடுத்துருவோம்னு காமிராவைத் திருப்பினான். அந்தக் குமிழைத் தூக்கினா ஒரு சின்னக் கைப்பிடி வரும், அதைச் சுத்தினா பிலிம் திரும்ப டப்பாக்குள்ள போகும். கைப்பிடியைத் தூக்கிட்டான். சுத்த விரலை வைக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா. சொல்லாம விட்டா என்ன, திங்கக்கிழமை போயிருவான், ஒரு மாசம் கழிச்சு அங்கன உள்ள ஸ்டுடியோக்காரன்தான் கெடுத்துட்டான்னு நெனப்பான், பிலிம் பழசுன்னு நெனப்பான், உள்ளதுதான்னு நெனப்பான். ஒத்தைக்கு ஒரு ரூம்ல வெறும் பிலிமை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் தெரிஞ்சான். காலு தானா நடந்துது, போய் அவன் கையைப் பிடிச்சா. "சுத்தாத. திற."

"கிறுக்கா உனக்கு? வெளிச்சம் பட்டா எல்லாம் போயிரும்."

"போறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல, ரெஜின். அன்னிக்கு நான் சொருகினது பிடிக்கல. ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்."

அவன் கைப்பிடியை விட்டான். பெறவு பின்கதவைத் திறந்தான். பிலிமுக்க நாக்கு கலுங்கு மேல வச்சு எப்பிடி விட்டாளோ அப்பிடியே, ஓட்டையில இருந்து நழுவி, காய்ஞ்ச இலை மாதிரி சுருண்டு கெடந்துது. முப்பத்தாறும் வெளிச்சம் படாம டப்பாக்குள்ள பத்திரமா இருந்துது, தொடாம. மேல கண்ணாடியில நம்பர் டக்குன்னு பழைய இடத்துக்கே ஓடிப்போச்சு. உள்ளதுதான்னு சொல்லுவான்னு காத்திருந்தா. சொல்லட்டும், இந்த ஒருதரம் சொல்லிட்டா உயிர் பிழைச்சுக்கிடலாம். அவன் சொல்லல. "ரெண்டாவது வாரமா"ன்னான். "அப்ப மூணாவது வாரம் அந்த மைனாவைப் படம் எடுக்க நான் முக்கால் மணிக்கூர் குத்தவச்சு இருந்தேனே, நீ பக்கத்துல இருந்து பாத்துட்டுதானே இருந்த?" பாத்துட்டுதான் இருந்தா. "வாய் எங்க போச்சு? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பேசுத. எங்க அம்மகிட்ட எனக்காகப் பேசின, நான் கேட்டேனா? எனக்குப் போணுமா வேண்டாமான்னு நீ ஒருதரம் என்கிட்ட கேட்டியா விஜிலா?" நாலு வருஷத்துல அவன் இவ்வளவு நீளமாப் பேசிக் கேட்டதில்ல. குரல் ஏறல, காது மட்டும் சிவந்திருந்துது. பதில் சொல்றதுக்கு வாயைத் திறந்தா. உள்ள ஒரு வாதம் கூட இல்ல. எப்பளும் வரிசையா நிக்கும், இன்னிக்கு மனசு இந்த மரம் மாதிரி எல்லாத்தையும் உதுத்துட்டு நின்னுது. "போணுமா?"ன்னு கேட்டா, ஒரு வருஷம் பிந்தி.

"போணும்"னான். "ஆனா கேட்டிருக்கணும்."

"எனக்கு நீ போகண்டாம்"னா விஜிலா. சொன்ன பெறவுதான் அது தன் குரல்னே தெரிஞ்சுது. "பேசி அனுப்பி வச்சது நான்தான். ஆனாலும் போகண்டாம். இதுக்கு நீ ஒண்ணும் செய்யண்டாம். சும்மா கேட்டுக்கோ."

அவன் கேட்டுக்கிட்டான். கீழ ரோட்டுல ஒரு பஸ்சு ஆரன் அடிச்சுட்டுப் போச்சு. பெறவு குத்தவச்சு உக்காந்து காமிராவை முட்டு மேல வச்சு, "வா, சொருகு"ன்னான். "நீயே போடு"ன்னா. "நீதான் போடணும்"னான். ரெண்டாவது தடவை சொல்ல வைக்காம பக்கத்துல உக்காந்து நாக்கைச் சொருகினா, ஒரு சுத்து சுத்தினா, பிடிச்சிருக்கான்னு பாத்தா, இன்னொருதரம் பாத்தா, மூடினா. அவன் லிவரைத் தள்ளும்போது குமிழ் மேல விரலை வச்சா. விரலுக்கு அடியில அது பைய, உறக்கத்துல புரண்டு படுக்குற மாதிரி, திரும்புச்சு. கண்ணு நெறஞ்சு போச்சு சவம். வெயில் மலைக்கு அந்தாண்ட சாய இன்னும் அரைமணிக்கூர்தான் இருக்கும். வந்த வழியிலயே திரும்பி நடந்தாங்க. சிரட்டை, பாவாடை கட்டின மரம், அவ செருப்பு. மைனா இல்ல, அது இருந்த கம்பு. அவன் கண்ணை வச்சுப் பாக்க, இவ பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு ஒவ்வொருதரமும் குமிழ் மேல விரலை வச்சு, "சுத்துது, எடு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. வேகமா நடக்குறவ அவ, எப்பளும் அவன்தான் பைய நடன்னு சொல்லணும். இன்னிக்கு இவ சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "பைய போ. என்ன அவசரம்?"

பத்தாவதோ பதினொண்ணாவதோ, அவன் காமிராவைத் தாழ்த்திட்டு, "போய் நில்லு"ன்னான். "எங்க?" "அந்த மரத்துக்கிட்ட. நீ இல்லாம இதெல்லாம் எனக்கு எதுக்கு?" "நான் போனா குமிழை யாரு பாக்குறது?" "நான் பாக்குறேன். கையை எடு விஜிலா." விரலை எடுக்க மனசு வரல. எடுத்தா. முப்பது அடி நடந்து மரத்துல சாஞ்சு திரும்பினா. அவன் சின்னதாத் தெரிஞ்சான். முகத்துக்கு முன்னால கறுப்பா காமிரா, அதைப் பிடிச்ச ரெண்டு கை. குமிழ் எங்க இருக்குன்னே தெரியல. அவன் பெருவிரல் அசைஞ்சுது.

"சுத்துதா?"ன்னு கத்தினா.

"சுத்துது."

உனக்கு ஒழுங்காப் பாக்கத் தெரியுமா, வெயில் கண்ணுல அடிக்குதே, இன்னொருதரம் பாரு, சும்மா சொல்லுதியா, எல்லாம் வரிசையா வந்து தொண்டையில நின்னுது. அவ ஒண்ணையும் சொல்லல. அவன் குனிஞ்சு கண்ணை வச்சான். தலையில ஒரு இலை வந்து உக்காந்துது. தட்டிவிடாம நின்னா.